சங்கியா, உபியா, தோழரா? நான் யார்?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் உண்டு.

கேள்வி: நான் பொறியியல் படிக்கிறேன். அப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். இடஒதுக்கீடு கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். அப்பா படும் பாட்டைப் பார்த்து, சிறுதொழில் செய்கிறவர்களை அரசாங்கம் வரி, மின்கட்டணம் என்று இப்படி நெருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் ஒருவன் என்னைச் 'சங்கி' (சங் பரிவார் ஆள்) என்றான், இன்னொருத்தி 'உபி' (தி.மு.க. உடன்பிறப்பு) என்றாள். இணையத்தில் நம் அரசியல் நிலைப்பாட்டைச் சொல்லும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பினேன். அது 'இடதுசாரி, சுதந்திரவாதி' என்கிறது. உண்மையில் நான் யார்?
- மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று விஷயங்களும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். கோயிலுக்குப் போகிறவர் இடஒதுக்கீடு கேட்பது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன? 1916-ல் தொடங்கிய நீதிக்கட்சியின் தலைவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள்தான். அரசு வேலைகளில் வகுப்புவாரி உரிமைக்கு 1921-ல் அரசாணை போட்டதும், கோயில் சொத்துகளைக் கண்காணிக்க அறநிலையச் சட்டம் கொண்டுவந்ததும் அவர்கள் ஆட்சியில்தான். குன்றக்குடி அடிகளார் ஒரு சைவ மடத்தின் தலைவர், பெரியாரோடு மேடை ஏறியவர். அவரை இந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அந்தக் கேள்வித்தாள். நீங்கள் நிரப்பியது எது என்று எழுதவில்லை, ஆனால் இந்த வகையில் பிரபலமானவை பலவும் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் இருக்கும். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. குறுக்குக் கோடு பொருளாதாரம்: ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் சந்தை. நெடுக்குக் கோடு அதிகாரம்: மேலே கட்டுப்பாடு, கீழே தனிமனித சுதந்திரம். மேற்கு நாடுகளின் சண்டைகளை மனதில் வைத்துத் தயாரித்தது என்பது கேள்விகளைப் படித்தாலே தெரியும். கருக்கலைப்பு இருக்கும், கஞ்சா இருக்கும், மரண தண்டனை இருக்கும். சாதி இருக்காது. ஆட்சிமொழி இருக்காது. மாநிலத்துக்கு என்ன அதிகாரம், மத்திய அரசுக்கு என்ன அதிகாரம் என்பது இருக்காது. நம் ஊரில் ஒருவரின் அரசியலைத் தீர்மானிக்கும் மூன்று பெரிய விஷயங்களைக் கேட்காமலே ஒரு கேள்வித்தாள் உங்களை எங்கே கொண்டுபோய் வைக்க முடியும்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய வகுப்பினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் 103-வது அரசியல் சட்டத் திருத்தம் 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கொண்டுவந்தது பா.ஜ.க. அரசு. மார்க்சிஸ்ட் கட்சி, சில மனக்குறைகளைச் சொல்லிவிட்டு, ஆதரித்து ஓட்டுப் போட்டது. தி.மு.க. எதிர்த்தது. அந்த வரைபடத்தில் மார்க்சிஸ்ட்டும் தி.மு.க.வும் ஒரே பக்கத்தில்தான் விழும், ஆனால் இடஒதுக்கீட்டின் அடிப்படை சாதியா வருமானமா என்ற கேள்வியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். உங்கள் மனதில் இருக்கிற இடஒதுக்கீடு எது? 'வேண்டும்' என்று சொல்லிவிட்டால் போதாது, எதற்காக வேண்டும் என்று நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பழைய அநீதியைச் சரிசெய்யவா, அதிகாரத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கவா, இல்லை ஏழைக்குக் கைகொடுக்கவா? இந்த மூன்றும் வேறு வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

சரி, அப்புறம் எப்படித்தான் சொந்த நிலைப்பாட்டைக் கண்டுபிடிப்பது? கட்சியிலிருந்தோ தத்துவத்திலிருந்தோ தொடங்காதீர்கள், ஒரு சட்டத்திலிருந்து தொடங்குங்கள். நான் 12 மணி நேர வேலை மசோதாவை எடுத்துக்கொள்வேன். 2023 ஏப்ரல் 21-ம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு அன்றைய தி.மு.க. அரசு கொண்டுவந்த ஒரு திருத்தம் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு அப்படியே இருக்கும், ஆனால் அரசு அனுமதித்தால் அந்த நேரத்தை நாளுக்கு 12 மணி வரை நீட்டி, நான்கு நாளில் முடித்துக்கொள்ளலாம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இப்போது இதை உங்கள் அப்பாவின் இடத்தில் நின்று பாருங்கள். அவசர ஆர்டர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அவருக்கு இந்தச் சட்டத்தில் நியாயம் தெரியும். அடுத்து, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு வரும் ஒரு பெண்ணின் இடத்தில் நில்லுங்கள். போக வர பயண நேரம் தனி. 12 மணி வேலையோடு அதையும் சேர்த்தால் தூங்கவும் சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் எவ்வளவு மிச்சம்? 'விருப்பப்பட்டவர்கள் மட்டும்' என்று சொல்லும்போது, ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அவரால் 'எனக்கு விருப்பமில்லை' என்று சூப்பர்வைசரிடம் சொல்ல முடியுமா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியம். இதே மாதிரி ஒரு திருத்தத்தை அதே வருடம் பிப்ரவரியில் கர்நாடகத்தின் அன்றைய பா.ஜ.க. அரசும் நிறைவேற்றியது. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம் என்று உங்கள் மனம் சொன்னால், நீங்கள் பார்த்தது சட்டத்தை இல்லை, கட்சியை. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அது உங்களுடைய சொந்த நிலைப்பாடு, ஆதரவோ எதிர்ப்போ எதுவானாலும்.

என்னைக் கேட்டால் நான் அந்தப் பெண்ணின் பக்கம். உங்கள் அப்பாவின் கஷ்டம் உண்மையானது, ஆனால் அதற்கு வழி மின்சார நிலைக்கட்டணத்திலும் பெரிய கம்பெனிகள் பில்லுக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பதிலும் இருக்கிறது, தொழிலாளியின் தூக்கத்தில் இல்லை என்பது என் வாதம். நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இப்படி ஐந்தாறு விஷயத்தை யோசித்து முடித்தபிறகு, நீட், இந்தி, மதுக்கடை, மகளிர் இலவசப் பயணம் எதுவாகவும் இருக்கட்டும், எந்தப் பெயர் உங்களுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் 'எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், பதிலாக விஷயம் வந்தால் பேசுங்கள், வசவு வந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இடதுசாரி, வலதுசாரி என்பதைச் சுருக்கமாக விளக்க முடியுமா? நம்ம ஊர்க் கட்சிகளில் யார் எந்தப் பக்கம்?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: 1789-ல் பிரெஞ்சுத் தேசிய சபையில் மன்னருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் (வீட்டோ) வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கமும், வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்ததில் தொடங்கியது. இன்றைக்குப் பொதுவாக, ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான் அரசின் முதல் வேலை என்பவர்கள் இடது. மரபு, ஒழுங்கு, தனியார் சொத்து, சந்தை ஆகியவற்றைக் காப்பதுதான் முதல் வேலை என்பவர்கள் வலது.

ஆனால் யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் தமிழ்நாட்டில் நிச்சயம் தடுமாறுவீர்கள். 1967 தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் யார் யார் இருந்தார்கள்? 'லைசென்ஸ், பர்மிட் ராஜ்யம் ஒழிய வேண்டும்' என்று சந்தைப் பொருளாதாரம் பேசிய ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. இரண்டும் ஒரே மேடை. காங்கிரஸை இறக்க வேண்டும் என்பதுதான் அங்கே இணைப்பு. காங்கிரஸ் மட்டும் என்ன, 1955-ல் ஆவடியில் 'சோசலிச மாதிரியிலான சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட கட்சிதானே அது!

ஒரே தலைவரைக்கூட ஒரு பக்கம் உட்கார வைக்க முடியாது. 69 சதவீத இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்தவர் ஜெயலலிதா. 2003-ல் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தவரும் அவர்தான். முதலாவதை இடது என்றால் இரண்டாவதை என்னவென்பது?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் எந்தக் கட்சியும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிமுறையில் எழுதித் தர வேண்டும். 1989-லிருந்து இதுதான் நடைமுறை. அதாவது காகிதத்தில் பார்த்தால் இந்தியாவின் பதிவுபெற்ற கட்சிகள் அத்தனையும் சோசலிசக் கட்சிகள். 1980-ல் பா.ஜ.க. தொடங்கியபோதே 'காந்திய சோசலிசம்' என்றுதான் சொன்னது. அதனால் கட்சி தன்னை என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, பட்ஜெட்டில் யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறது, போலீஸை யார் மேல் ஏவுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: இளமையில் நான் தீவிர கம்யூனிஸ்ட். தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தேன். இப்போது சில விஷயங்களில் என் எண்ணம் மாறியிருக்கிறது. தனியார் வந்ததால் சிலது நன்றாகவே ஆகியிருக்கிறது என்று வீட்டில் சொன்னதும், மகன் 'பச்சோந்தி' என்கிறான். கொள்கையை மாற்றிக்கொள்வது குற்றமா?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: குற்றமே இல்லை ஐயா. ஆனால் மாறுகிற விதத்தில் வித்தியாசம் இருக்கிறது.

ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். அதே ராஜாஜி 1965-ல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து எழுதினார், பேசினார். மாறிய பின்னால் தான் தொடங்கி வளர்த்த கட்சியின் வசதிக்காகவும் அதைப் பேசினார் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் 1938-ஐ மறக்க முடியவில்லை. ஆனால் மதுவிலக்கில் அவர் கடைசிவரை அசையவில்லை. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார், 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும் முதுமையில் கருணாநிதியைப் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரே மனிதரில் மாறியதும் மாறாததும் சேர்ந்தே இருந்தன.

அண்ணா வேறு மாதிரி. 1963-ல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டபோது, சீனப் போர், பிரிவினைத் தடைச் சட்டம் என்று காரணத்தை ஊரறியச் சொன்னார். பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் மறைக்காமல் சொன்னார். வழி மாறியது, அதன்பிறகு மாநில சுயாட்சி என்று அதே குறையை வேறு வழியில் பேசினார்கள். எம்.ஜி.ஆரை எடுத்துக்கொண்டால், 1979-ல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். அடுத்த ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்கு இரண்டே தொகுதி. உடனே வரம்பை எடுத்துவிட்டு, ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதமாகவும் ஆக்கினார். அது மனமாற்றமா, ஓட்டுக் கணக்கா? என் பார்வையில் ஓட்டுக் கணக்குதான், ஆனாலும் அதனால் கல்லூரி வாசலை மிதித்த குடும்பங்கள் ஏராளம். ஜனநாயகத்தில் மக்கள் தலைவரின் முடிவை மாற்றவைப்பதும் நடக்கும், அதுவும் தேவைதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மகனோடு உட்கார்ந்து, எதில் மாறினேன், எதைப் பார்த்து மாறினேன், எதில் மாறவில்லை என்று மூன்றையும் சொல்லுங்கள். 1969-ல் 14 வங்கிகளை தேசியமயமாக்கியதால் கிராமத்து விவசாயிக்குக் கடன் கிடைத்ததை நேரில் பார்த்த தலைமுறை நீங்கள். அது தப்பு என்று இப்போது நினைக்கிறீர்களா, இல்லை தொலைபேசி இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்ததை நினைத்து மட்டும் மாறினீர்களா? இரண்டும் ஒரே கேள்வி இல்லை. நீங்கள் இப்படிப் பிரித்துச் சொன்னால் மகன் வாதம் செய்வார், அதற்கு வாய்ப்புக் கொடுங்கள்.

கேள்வி: ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பவர்கள்தான் இடதுசாரிகள் என்று படித்தோம். ஆனால் இலங்கையில் தெற்கின் சிங்கள இடதுசாரிகள் தமிழருக்கு என்ன செய்தார்கள்? அந்தச் சொல்லையே நம்ப முடியவில்லை.
- ஆசிரியர், வவுனியா

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, 'ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு' என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர்.டி. சில்வா. 1972-ல் அரசியலமைப்பு அமைச்சராக இருந்து, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு ஆட்சிமொழி இடமும் தந்து, முந்தைய சோல்பரி அரசியல் யாப்பு 29-ம் பிரிவில் சிறுபான்மையினருக்குத் தந்திருந்த பாதுகாப்பையும் இல்லாமல் ஆக்கிய புதிய யாப்பை வடிவமைத்தவரும் அவரே. இடையில் நடந்தது, அந்தக் கட்சி ஆட்சிக் கூட்டணியில் சேர்ந்ததுதான். பதவிக்காக அந்தக் கட்சி தன் சொல்லை விட்டுக்கொடுத்தது என்றே நான் படிக்கிறேன்.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லையே. 1968-ல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடியபோது, அவர்களோடு நின்றவர்கள் சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்டுகள். அவர்களைத் தடுத்து நின்றவர் சி. சுந்தரலிங்கம், தனித் தமிழ் ஈழம் என்று முதலில் பேசியவர்களில் ஒருவர். 'தமிழ்த் தேசியவாதி' என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் என்றும், 'இடதுசாரி' என்றதும் துரோகி என்றும் ஒருவர் முடிவுகட்டியிருந்தால், அன்றைக்கு மாவிட்டபுரம் வாசலில் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? உங்கள் மாணவர்களுக்கு 1972-ஐயும் 1968-ஐயும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நடுநிலையாக இருக்கவே முடியாதா?
- வாசகர், தர்மபுரி

பதில்: விஷயத்தைப் பொறுத்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தால் அதில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. ராமேஸ்வரம் விசைப்படகுத் தொழிலாளிக்கும் யாழ்ப்பாணத்துச் சிறுபடகு மீனவருக்கும் நடுவில் இருக்கிற பிரச்சினையில் உண்டு. இருவரும் தமிழர், இருவருக்கும் அதுதான் சோறு, இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போவதும் உண்மை, கைதாகிறவர் வீட்டில் அடுப்பு எரியாததும் உண்மை. அங்கே ஒரு பக்கம் சாய்வதற்கு முன்னால் நிறையப் படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே சின்னம்தான். எனக்கு இப்போது வேறு எண்ணம் இருக்கிறது. மாற்றிப் போட்டால் தெரிந்துவிடுமோ என்று பயம், ஏனென்றால் பூத் ஏஜென்ட் எங்கள் தெருக்காரர். கணவரிடம் சொல்லவும் தைரியம் இல்லை.
- வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தெரியவே தெரியாது அம்மா. ஏஜென்ட்டுக்குத் தெரிவது நீங்கள் ஓட்டுப் போட வந்தீர்களா இல்லையா என்பது மட்டும்தான். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரியும், அதில் சின்னமும் வேட்பாளர் பெயரும் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. அப்புறம் அது உள்ளே விழுந்துவிடும். பார்வை இல்லாதவர்கள், உடல் குறைபாட்டால் தாமே பட்டனை அழுத்த முடியாதவர்கள் தவிர வேறு யாரும் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு மறைவிடத்துக்குள் போகக் கூடாது, கைபேசியும் கொண்டுபோகக் கூடாது. எண்ணிய பிறகு வாக்குச்சாவடி வாரியாக மொத்தக் கணக்கு தெரியும், ஆள் வாரியாகத் தெரிய வழியே இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சொல்லும்படி நீதிமன்றம்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பணம் கொடுத்துக் கற்பூரத்தில் சத்தியம் வாங்க யாராவது வந்தால், அந்தப் பணத்தைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் குற்றம், நீங்கள் மனம்போல ஓட்டுப் போடுவது குற்றம் ஆகாது.

கணவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த 'வேறு எண்ணம்' எதனால் வந்தது என்பது. ரேஷன் கடையா, பிள்ளையின் பள்ளிக்கூடமா, குடிநீரா, வேட்பாளர் ஆளே சரியில்லையா? காரணம் தெளிவாக இருந்தால் பயம் பாதி போய்விடும். வேட்பாளர் பற்றிய சந்தேகம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் தன் மேலுள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக வேட்புமனுவோடு கொடுத்தாக வேண்டும். மனுத் தாக்கல் முடிந்த சில நாட்களில் தேர்தல் ஆணைய இணையதளத்தில் அது ஏறிவிடும், கைபேசியிலேயே படிக்கலாம். உங்கள் தொகுதியில் நிற்கிற முக்கியமான மூன்று நான்கு பேருடையதையாவது படித்துவிடுங்கள். முன்பு நின்றவராக இருந்தால் போன தடவை கொடுத்த பத்திரமும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும், சொத்துக் கணக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.